பழைய பெயின்ட்டைச் சுரண்டும் முன்

பழைய பெயின்ட்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்; தண்ணீர் தெளித்து நனைத்தபின் சுரண்டுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கதவு, ஜன்னல் கம்பிகளில் அடித்த எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு நிறங்களில், காரீயம் மிகுதியாக இருக்கக்கூடும். ‘பெட்ரோலில்தான் காரீயத்தை 2000-லேயே நிறுத்திவிட்டார்களே’ என்பார்கள். நிறுத்தியது புகையை, கம்பியில் செதில் செதிலாக உரியும் பூச்சு அப்படியேதான் இருக்கிறது. வேலை முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறிடத்தில் தங்க வையுங்கள். சுரண்டும்போது கிளம்பும் காரீயத் தூசி எவ்வளவு குறைவானாலும் பிஞ்சு மூளைக்குக் கேடுதான்.

ஜன்னல் திட்டையும் தரையையும் ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பம் தூசியைக் கிளப்பத்தான் செய்யும். தவழும் குழந்தையின் கையைச் சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஏனென்றால் தரைத் தூசி வயிற்றுக்குப் போகும் வழி அந்த விரல்கள்தான். பேட்டரியிலும் காரீயம் உண்டு; அதை உடைக்கும் வேலை செய்பவர் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்கட்டும். அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். கேழ்வரகும் கீரையும் அடிக்கடி கொடுங்கள்: இரும்பும் கால்சியமும் குறைந்த உடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ‘பிள்ளை நன்றாகத்தானே ஓடியாடுகிறது’ என்று விட்டுவிடாதீர்கள். பாதிப்பு பெரும்பாலும் வெளியே தெரியாது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் காரீய அளவைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.