ரிப்போர்ட்டில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்று இருந்தால்...

கோவிட் வந்துபோன பிறகு ‘பாசிட்டிவ்’ என்ற வார்த்தையைப் பார்த்தாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் மார்பகப் புற்றுநோய் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்று இருந்தால், அந்தக் கட்டியை அடக்க ஒரு பிடி கிடைத்திருக்கு என்று அர்த்தம். அது என்ன பிடி? பார்ப்போம் வாங்க.

ஈஸ்ட்ரோஜன் என்ன செய்யுது?

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் இரண்டும் ஸ்டீராய்டு ஹார்மோன்கள். உடம்பு இவற்றைக் கொலஸ்ட்ராலில் இருந்துதான் தயாரிக்குது. கொழுப்பில் கரையும் என்பதால் செல்லின் சவ்வைத் தாண்டி நேராக உள்ளே போய்விடும். அங்கே ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர், அதாவது ஈ.ஆர்., என்ற புரதம் காத்திருக்கும். இரண்டும் சேர்ந்து டி.என்.ஏ.வில் உட்கார்ந்து, ‘பெருகு’ என்று சொல்லும் ஜீன்களை ஆன் செய்யும்.

செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் டி.என்.ஏ. காப்பி ஆகணும். காப்பி அதிகமானால் பிழை வரும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் சின்ன வயதிலேயே பூப்படைவதும், மாதவிடாய் தாமதமாக நிற்பதும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகின்றன. தாய்ப்பால் கொடுப்பது குறைக்கிறது.

மார்பகப் புற்றுநோய்களில் பாதிக்கும் மேல் இந்த ரிசெப்டர் உள்ளவை.

பெயர் வைக்கும் முன்பே கண்டுபிடித்தார்

1896-இல் கிளாஸ்கோ டாக்டர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் இருந்த பெண்களுக்கு சினைப்பையை எடுத்துவிட்டால் கட்டி சுருங்குவதாக எழுதினார். ‘ஹார்மோன்’ என்ற வார்த்தையே 1905-இல்தான் வந்தது!

இரண்டு வழிகள்

1. பூட்டை அடைப்பது: டமாக்சிஃபென் மாத்திரை ரிசெப்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈஸ்ட்ரோஜனுக்கு இடம் இருக்காது. 1960-களில் கருத்தடைக்காக உருவாக்கிய மருந்து இது. அதற்கு உதவவில்லை, இதற்கு உதவியது. ஆனால் கருப்பையில் இதுவே ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடந்துகொள்ளும். அதனால் வழக்கத்துக்கு மாறான ரத்தப்போக்கு இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லணும்.

2. சாவியே செய்யவிடாமல் தடுப்பது: மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்ற என்சைம் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும். அந்த வயதில் உடல் பருமன் ஆபத்தாவது இதனால்தான். லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் மாத்திரைகள் இந்த என்சைமைத் தடுக்கும். எலும்பு பலம் குறையலாம் என்பதால் அதையும் கவனிக்கணும்.

மாதவிடாய் நிற்காதவர்களுக்கு இரண்டாவது வழி மட்டும் ஏன் போதாது? நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம்தான். நெகட்டிவ் ஃபீட்பேக்! ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளையில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையை இன்னும் வேலை செய்யச் சொல்லும். அதனால் சினைப்பையையும் சேர்த்து அடக்கினால்தான் பலன்.

‘நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை எதுக்கு?’

ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து முடியும் வளர்ந்த பிறகு பலர் கேட்பது இது. உடம்பு அனல் அடிப்பது, மூட்டு வலி எல்லாம் சேர்ந்து நிறைய பேர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சில செல்கள் எங்காவது தங்கியிருக்கலாம். ஈ.ஆர். பாசிட்டிவ் நோய் பத்து வருஷம் கழித்துக்கூட திரும்ப வரலாம். ஐந்து வருஷம் டமாக்சிஃபென் எடுத்தவர்களிடம், அடுத்து வந்த வருஷங்களையும் சேர்த்து, இந்த நோயால் வரும் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கு.

வீட்டில் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா யாராவது இந்த மாத்திரை எடுத்தால், ‘இன்னைக்குப் போட்டாச்சா?’ என்று கேளுங்க. தொந்தரவு இருந்தால் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்க. மாற்று மருந்து இருக்கு.