இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா நடக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கம்பி வைத்து ஆபரேஷன் செய்து மூன்று வாரம் ஆகிறது. நடக்கச் சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். ஆனால், கம்பி நகர்ந்துவிடும் என்று பயந்து அம்மா கட்டிலை விட்டு இறங்குவதே இல்லை. சொந்தக்காரர்களும் மூன்று மாதம் படுத்தே இருக்கட்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

– வாசகி, கோவில்பட்டி

பதில்: அவர்கள் சொல்வது பழைய காலத்து வைத்தியம். அப்போது காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, எலும்பு தானாகக் கூடும்வரை வாரக்கணக்கில் படுக்கவைத்தார்கள். இன்று ஆபரேஷன் செய்வதே சீக்கிரம் எழுந்து நடக்கத்தான். பெரும்பாலானோரை மறுநாளே எழுப்பி நிற்க வைக்கிறோம். படுத்தே கிடந்தால் படுக்கைப்புண் வரும், நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகும், காலில் ரத்தம் உறையும். தொடைச் சதையும் மளமளவென்று வற்றிவிடும்.

எவ்வளவு எடை ஊன்றலாம் என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அதை அம்மா காதுபடவே சொல்லச் சொல்லுங்கள்; பாதி பயம் அங்கேயே போய்விடும். வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்துப் பயிற்சியை ஆரம்பியுங்கள். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைக்கட்டும். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தி 5 விநாடி பிடிக்கட்டும். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லை என்றால் எழுந்திருக்கலாம். முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் ஆன கால், கடைசியாக நல்ல கால். நீங்கள் ஆபரேஷன் ஆன பக்கம் சற்றுப் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதல் நாள் கட்டிலிலிருந்து நாற்காலி வரை போனாலே போதும்.

தரையில் உட்காருவது, குத்துக்காலிடுவது இரண்டும் இப்போது வேண்டாம். கழிப்பறைக்குக் கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள். தைலம் போட்டு உருவிவிட யாராவது வந்தால், தயவு தாட்சண்யம் பார்க்காமல் திருப்பி அனுப்புங்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, தையலில் சீழ் கசிந்தாலோ, கால் திடீரென்று குட்டையாகத் தெரிந்தாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு திணறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே முறிந்திருப்பதால், அம்மாவின் எலும்பு ஏற்கெனவே பலமிழந்திருக்க வாய்ப்பு அதிகம். கம்பி முறிவைத்தான் பிடித்து வைக்கும், எலும்புக்கு வலு தராது. அடுத்த முறை போகும்போது, எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் அதற்கான மருந்தும் தேவையா என்று மறக்காமல் கேளுங்கள்.