வீட்டு பிளான் போடும்போது எதை இப்போ செய்யணும், எதை அப்புறம் செய்யலாம்?

வீட்டுக் கடன் பத்தி நாம நிறைய பேசியிருக்கோம். எவ்வளவு முன்பணம் போடணும், எத்தனை வருஷக் கடன், எப்போ பார்ட் பேமென்ட் கட்டணும்னு எல்லாம் பார்த்தாச்சு. இன்னைக்கு பேங்குக்குப் போறதுக்கு முன்னாடி உங்க கையில இருக்கிற ஒரு பேப்பரைப் பத்திப் பேசலாம். இன்ஜினியர் வரைஞ்சு கொடுத்த ஃப்ளோர் பிளான்தான் அது.

உங்களுக்கு 32 வயசுன்னு வச்சுக்குவோம். 25 வருஷக் கடன் எடுத்தா, கடைசித் தவணை கட்டும்போது 57 வயசு. அதுக்கு அப்புறமும் அதே வீட்டுலதான் இருக்கப் போறீங்க. ஆனா பிளான் வரையும்போது நம்ம மனசுல இருக்கிறது 32 வயசு முழங்கால் மட்டும்தான்.

நான் செஞ்ச தப்பு

2019ல நான் வீடு கட்டினேன். ஆடிட்டர் இல்லையா, சதுர அடி ரேட்ல இருந்து கம்பி விலை வரைக்கும் எக்செல்ல போட்டு வச்சிருந்தேன். கீழே பெரிய ஹால், கிச்சன், பூஜை ரூம், எனக்கு ஒரு ஆபீஸ் ரூம். மூணு பெட்ரூமும் மாடியில. கீழே மாடிப்படிக்கு அடியில ஒரு சின்ன டாய்லெட், விருந்தாளிங்களுக்காக.

2022ல அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். மாடி ஏற முடியாது. ஹால்லயே கட்டில் போட்டு, ஒரு திரை கட்டினோம். டாய்லெட் கதவு 2 அடி அகலம், வாக்கர் உள்ளே நுழையல. அதை வெளியிலேயே விட்டுட்டு, சுவரைப் பிடிச்சுக்கிட்டுதான் உள்ளே போகணும். ரெண்டு வாரம் கழிச்சுத்தான் ஒண்ணு கவனிச்சேன். அம்மா சாயங்காலம் 5 மணிக்கு மேல தண்ணியே குடிக்கறதில்ல. ராத்திரி எழுந்து போறதுக்குப் பயம்.

அப்புறம் என் ஆபீஸ் ரூமை இடிச்சு பெட்ரூமும் பாத்ரூமுமா மாத்தினேன். கழிவுநீர் பைப்புக்காக கார் நிறுத்துற இடத்து டைல்ஸை எல்லாம் பெயர்க்க வேண்டி வந்தது. செலவு 2,80,000 ரூபாய், அவசரகால நிதியில இருந்து எடுத்தேன். பிளான்லயே அந்த ரூம்களை மாத்திப் போட்டிருந்தா, இதுல பெரும்பகுதி செலவே வந்திருக்காது.

"வயசான காலம்"னா உங்க 60 வயசு மட்டும் இல்ல. உங்க அப்பா அம்மா இப்பவே அந்த வயசுல இருக்காங்க.

ஒரே ஒரு விதி

இடத்தை இப்போ ஒதுக்குங்க. பொருளை அப்புறம் வாங்குங்க.

பில்லர், பீம், கதவு அகலம், தரை மட்டம், பைப் போற வழி, இதெல்லாம் ஒரு தடவை கட்டிட்டா மாத்தறது கஷ்டம். கைப்பிடி, லிஃப்ட், சாய்தளம் இதெல்லாம் தேவைப்படும்போது வாங்கிக்கலாம், ஆனா அதுக்கு இடம் இருக்கணும்.

இப்பவே பிளான்ல வர வேண்டியவை

1. கீழ்த்தளத்துல ஒரு பெட்ரூம், அட்டாச்டு பாத்ரூமோட. அரை கிரவுண்ட் மனைன்னா ஹால் கொஞ்சம் சின்னதாகும், அது உண்மைதான். வாஸ்து பாக்கிறவங்களுக்கு: கன்னி மூலை கீழ்த்தளத்துலயும் இருக்கு!

2. கதவு. அந்த பெட்ரூமுக்கும் பாத்ரூமுக்கும் 3 அடி. பாத்ரூமுக்கு வழக்கமா போடுற இரண்டரை அடி கதவுல நிலைச்சட்டம் போக மிச்சம் இருக்கிற இடத்துல வீல்சேர் போறது கஷ்டம். பின்னால அகலப்படுத்தணும்னா நிலையைப் பெயர்த்து, மேல லிண்டலையும் உடைக்கணும். பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருத்தர் விழுந்துட்டா, உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது.

3. பாத்ரூம் அளவு. 4க்கு 7 அடி வேண்டாம், 6க்கு 8 போடுங்க. வீல்சேர் திரும்ப சுமார் 5 அடி வட்டம் தேவை. தரை மட்டம் பெட்ரூமை விட அரை இஞ்சுக்கு மேல இறங்க வேண்டாம். தண்ணி ஓட்டத்தை வாட்டத்துல சரிபண்ணச் சொல்லுங்க.

4. வாசல் படி. ரோடு உயர்ந்துக்கிட்டே போகுதுன்னு நாம பேஸ்மட்டத்தை 3 அடிக்கு ஏத்தறோம். அது நியாயம்தான். ஆனா சாய்தளத்துக்கான கணக்கு 1க்கு 12. அதாவது 3 அடி ஏற 36 அடி நீளம் வேணும், திரும்புற இடம் தனி. அதனால பக்கவாட்டுல விடுற காலி இடத்துல ஒரு பக்கமாவது 4 அடியை செப்டிக் டேங்க் மூடி, மோட்டார் இல்லாம வச்சுக்குங்க. படி ஒவ்வொண்ணும் 6 இஞ்சுக்கு மேல உயரம் வேண்டாம்.

5. மாடிப்படி. வெளியில இருக்கட்டும். உள்ளேதான் வேணும்னா, வாசல் கதவுக்குப் பக்கத்துலயே ஆரம்பிக்கட்டும். பின்னால ஒரு சுவர் எழுப்பினா மாடி தனி போர்ஷன் ஆகிடும். மாடியில கிச்சனுக்குத் தேவையான தண்ணி லைனும் கழிவு லைனும் இப்பவே விட்டு வைங்க. பசங்க வெளியூர் போனதும் அந்த வாடகை உங்களுக்கு இன்னொரு பென்ஷன்.

அப்புறம் பார்த்துக்கலாம்

லிஃப்ட்: கீழேயும் மேலேயும் ஒரே நேர்ல 5க்கு 5 அடியில ஸ்டோர் ரூம் விட்டா போதும். நடுவுல ஸ்லாப்பை வெட்ட வசதியா பீம் அமைக்கச் சொல்லுங்க. பாத்ரூம் கைப்பிடி, உயரமான கம்மோடு, குளிக்கிற ஸ்டூல் எல்லாம் தேவைப்படும்போது வாங்கலாம்.

கணக்கு என்ன சொல்லுது?

சதுர அடிக்கு 2,400 ரூபாய்னு வச்சுக்குவோம். பாத்ரூம் 28ல இருந்து 48 சதுர அடி ஆனா, கூடுதலா 48,000. கதவு, பைப் லைன் எல்லாம் சேர்த்து மொத்தம் 1 லட்சம்னு எடுத்துக்கலாம். 8.5% வட்டியில 20 வருஷத்துக்கு இஎம்ஐ சுமார் 868 ரூபாய் கூடும்.

இதே வேலையை 28 வருஷம் கழிச்சு இடிச்சுப் பண்ணினா? இன்னைக்கு 3 லட்சம் ஆகிற வேலை, 6% விலைவாசி உயர்வுல சுமார் 15 லட்சம் ஆகும்.

"சார், அந்த 868ஐ எஸ்ஐபில போட்டா?"னு உங்கள்ல சிலர் கேப்பீங்க. நியாயமான கேள்வி. 12% கிடைச்சா 20 வருஷத்துல சுமார் 8.7 லட்சம், அதைத் தொடாம இன்னும் 8 வருஷம் விட்டா 22 லட்சத்துக்கு மேல. வெறும் கணக்குல எஸ்ஐபி ஜெயிக்கும். ஆனா முழங்கால் 28 வருஷம் காத்திருக்கும்னு யாரும் எழுதிக் கொடுக்கலையே. எனக்கு மூணே வருஷத்துல வந்துது. அதனால இதை முதலீடா பாக்காதீங்க, இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி பாருங்க. அதனாலதான் லிஃப்ட்டுக்கு இப்பவே கடன் வாங்காதீங்கன்னும் சொல்றேன். பிரீமியம் சின்னதா இருக்கணும்.

இன்னொண்ணு, "வரி மிச்சமாகுது, இன்னொரு பெட்ரூம் போடலாம்"னு யாராவது சொன்னா யோசிங்க. புதிய வரி முறையில, நீங்களே குடியிருக்கிற வீட்டோட கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது

பிளானை எடுங்க. உங்க கால்ல கட்டு போட்டிருக்காங்கன்னு நினைச்சுக்குங்க. கேட்ல இருந்து கட்டிலுக்கு, கட்டில்ல இருந்து பாத்ரூமுக்கு, அப்புறம் சாப்பாட்டு மேஜைக்கு சிவப்புப் பேனாவால கோடு போடுங்க. கோடு ஒரு படியைத் தொட்டா, 3 அடிக்குக் குறைவான கதவுல நுழைஞ்சா, அந்த இடத்துல வட்டம் போடுங்க. அந்தப் பேப்பரை அப்படியே இன்ஜினியர் கிட்ட கொடுங்க.

அஸ்திவாரம் தோண்டற வரைக்கும் பிளான்ல எதை மாத்தினாலும் பென்சில் செலவுதான். வரைபட அனுமதிக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி உங்க அம்மா அப்பாவையும் ஒரு தடவை பக்கத்துல உக்கார வச்சுக் காட்டுங்க. நான் அன்னைக்கு காட்டல.