வலப்பக்க இதயம்

முதலாண்டு விலங்கியல் செய்முறை வகுப்பில் ஆட்டின் இதயத்தை அறுத்துப் பார்த்தோம். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் தடித்து, கத்திக்கு எளிதில் இணங்காமல் இருந்தது. வலது வெண்ட்ரிக்கிளின் சுவரோ விரல் பட்டாலே மடங்கியது. "இது நோஞ்சான் பக்கம்" என்று நாங்கள் சிரித்தோம். மறு ஆண்டே என் அத்தைக்கு இதய அறுவை நடந்தது. நான் எள்ளி நகைத்த அந்தப் பக்கத்தை நம்பித்தான் அவர் உயிர் இருந்தது. அது குறித்துப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

இரு பக்கங்களின் வேலை

உடலைச் சுற்றிவந்த இரத்தத்தை வலது வெண்ட்ரிக்கிள் நுரையீரலுக்கு அனுப்புகிறது. நுரையீரலிலிருந்து திரும்பிய இரத்தத்தை இடது வெண்ட்ரிக்கிள் உடலெங்கும் செலுத்துகிறது. இரண்டும் ஒரு நிமிடத்தில் அனுப்பும் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு அழுத்தத்தில்தான். இடப்பக்கம் சுமார் 120 மி.மீ. பாதரச அழுத்தத்தில் உழைக்கிறது; வலப்பக்கத்திற்கு 25 மி.மீ. போதும். நுரையீரலின் இரத்தக் குழாய்கள் அவ்வளவு இளக்கமானவை. ஆகவேதான் வலப்பக்கச் சுவர் மெல்லியதாக இருக்கிறது. அது நோஞ்சான் அன்று. தன் வேலைக்கேற்ற உருவம் பெற்றது.

அறிஞர்களின் கருத்து

எங்களைப் போலவே அறிஞர்களும் ஒரு காலத்தில் அதனைக் குறைத்து மதிப்பிட்டனர். 1943இல் அமெரிக்காவில் ஐசக் ஸ்டாரும் அவர் குழுவினரும் நாய்களின் வலது வெண்ட்ரிக்கிள் சுவரைச் சுட்டுச் சிதைத்துப் பார்த்தனர். சிரைகளின் அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. பிறவியிலேயே மூவிதழ் வால்வு அடைபட்ட நோயாளிகளுக்கு, வலது வெண்ட்ரிக்கிளின் துணையின்றியே இரத்தத்தை நுரையீரலுக்குச் செலுத்தும் அறுவை முறையை 1971இல் பிரான்சு நாட்டு மருத்துவர் ஃபோன்டான் வெளியிட்டார். அப்படியானால் வலது வெண்ட்ரிக்கிள் தேவையே இல்லையா? இதற்கு விடை நுரையீரலில் இருக்கிறது. நுரையீரல் குழாய்களின் தடை குறைவாக இருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு நிலைக்கும். தடை உயர்ந்தால், வலப்பக்கத்தின் வலிமை இன்றியமையாததாகிவிடும்.

அத்தையின் நோய்

அத்தைக்குச் சிறு வயதில் தொண்டை வலியும், தொடர்ந்து மூட்டு வீக்கமும் காய்ச்சலும் வந்தனவாம். அந்த வாதக் காய்ச்சல் மைட்ரல் என்னும் ஈரிதழ் வால்வைச் சுருக்கிவிட்டது. இயல்பாக 4 முதல் 6 சதுர செ.மீ. வரை திறக்கும் வால்வு அது. அது குறுகினால் இடது ஆரிக்கிளில் இரத்தம் தேங்கும். தேக்கம் நுரையீரலுக்குப் பின்னோக்கிப் பரவும். அங்கே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தை எதிர்த்து உழைக்க வேண்டியது வலது வெண்ட்ரிக்கிள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதை நாங்கள் "இளைப்பு" என்று சொல்லிக் கஷாயம் கொடுத்துப் பல ஆண்டுகளைக் கழித்தோம். கால் வீங்கிய பிறகே மருத்துவமனைக்குப் போனோம். அந்த வீக்கம் வலப்பக்கம் களைத்துவிட்டதன் அடையாளம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அறுவைக்குப் பின்

பழைய வால்வை எடுத்துச் செயற்கை வால்வைப் பொருத்தினர். அது நன்றாகவே இயங்கியது. ஆயினும் மறுநாள் இரத்த அழுத்தம் தாழ்ந்தது, சிறுநீர் குறைந்தது. கவலையோடு நின்ற என்னிடம் மருத்துவர், "தம்பி, கதவைச் சரிசெய்துவிட்டோம். ஆனால் இத்தனை வருஷம் பாரம் சுமந்த மாடு இன்னும் எழுந்து நிற்கவில்லை" என்றார்.

அறுவையின்போது வலப்பக்கத்திற்குப் பல இடையூறுகள் நேரலாம். நெஞ்செலும்புக்கு நேர் பின்னே இருப்பதால் குளிர்வித்துக் காப்பது கடினம். மல்லாந்து கிடக்கும் நோயாளிக்கு வலது கரோனரித் தமனியின் வாய் மேற்புறம் இருப்பதால் காற்றுக்குமிழி அதில் நுழையக்கூடும். இதய-நுரையீரல் இயந்திரத்திலிருந்து விடுபட்டதும் நுரையீரல் குழாய்கள் இறுகலாம். அப்போது வலது வெண்ட்ரிக்கிள் விரிந்து, நடுச்சுவரை இடப்புறம் தள்ளும். இடப்பக்கம் நிரம்பாது, இரத்த அழுத்தம் தாழும், அதனால் வலப்பக்கத் தசைக்கே இரத்தம் குறையும், அது மேலும் தளரும். இது ஒரு நச்சுச் சுழல். திரவத்தை மிகுதியாக ஏற்றுவதும் கேடாகும். நுரையீரல் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவும், தசைக்கு ஊக்கம் தரும் மருந்துகளும் துணைபுரிகின்றன.

வலப்பக்கத்தின் நிலையை எக்கோ கருவியால் காணலாம். மூவிதழ் வால்வின் வளையம் ஒவ்வொரு துடிப்பிலும் இதய நுனியை நோக்கி நகரும் தொலைவு 17 மி.மீ.க்குக் குறைந்தால் தளர்ச்சி எனக் கொள்வர். ஆனால் இதய உறையைத் திறந்த அறுவைக்குப் பின் நன்றாகத் தேறுவோரிடமும் இவ்வளவு குறைகிறது. எனவே ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டலாகாது.

முடிவுரை

அத்தை இருபத்து மூன்று நாள் கழித்து வீடு திரும்பினார். அதே வால்வு மாற்றிய பக்கத்துப் படுக்கை அக்கா ஒன்பதாம் நாளே நடந்து போனார். அவர் கால் வீங்கும்வரை காத்திருக்கவில்லை. அறுவையின் பயன் கத்தி எடுத்த அன்று மட்டும் தீர்மானமாவதில்லை. வலப்பக்க இதயம் எந்த நிலையில் மேசைக்கு வருகிறது என்பதையும் பொறுத்தது. நம் வீட்டில் யாருக்கேனும் படி ஏறுகையில் மூச்சு வாங்கினால் "இளைப்பு" என்று தள்ளிவிட வேண்டாம். பிள்ளைகளின் தொண்டை வலிக்கும் காலத்தில் மருத்துவம் செய்வோம். நாங்கள் தாமதமாகக் கற்ற பாடத்தை நண்பர்கள் முன்னதாகவே கற்றுக்கொண்டால் மகிழ்வேன்.