'படம் போடுதல்': வீட்டுத்திரை வணிகத்தின் வீழ்ச்சியும் பழவேற்காட்டு ஏரிக்கரையின் ஒலி, ஒளிப் பதிவுகளும்

முன்னுரை

இசைத்தட்டு, ஒலிநாடா, ஒளிநாடா, குறுந்தகடு ஆகியவற்றை விற்ற கடைகளின் மறைவு இதுவரை பெரும்பாலும் வணிகச் செய்தியாகவே பதிவாகியுள்ளது. அமெரிக்காவில் பிளாக்பஸ்டர் 2010ஆம் ஆண்டு நொடித்ததும், இங்கிலாந்தில் வுல்வொர்த்ஸ் 2009 தொடக்கத்தில் தன் கடைகள் அனைத்தையும் மூடியதும் உலகறிந்தவை. தமிழகச் சூழலில் இவ்வீழ்ச்சி இருவேறு வணிகங்களுக்கு நேர்ந்தது. ஒன்று, பெருநகரத்தில் குளிரூட்டப்பட்ட கட்டடங்களில் இயங்கிய கிளைத்தொடர்க் கடை. மற்றொன்று, சிறுநகரக் கடைவீதியில் ஒளிநாடாவையும் அதை ஓட்டும் கருவியையும் வாடகைக்குத் தந்த, ஒலிநாடாவில் பாட்டுப் பதிந்து தந்த சிறுகடை. முன்னது மூடியதைச் செய்தித்தாள்கள் எழுதின. பின்னது மூடியதை எவரும் எழுதவில்லை. தமிழாய்வுக்கு இழப்பாக அமைவது பின்னதே என்பதை இக்கட்டுரை பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களை, குறிப்பாகக் கோட்டைக்குப்பத்தை, முன்வைத்து ஆராய்கிறது.

களம்

கோட்டைக்குப்பம் திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் அமைந்த மீனவர் ஊர். பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டு கட்டிய கெல்ட்ரியா கோட்டையை அதன் பெயர் நினைவூட்டுகிறது. ஏரியில் வலையிடும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' முறையில் மரபுரிமை கொண்ட ஊர்களுள் இதுவும் ஒன்று. மீன்வளத் துறையினரும் சமூகவியலாரும் இவ்வூரை அம்முறைக்காகவே அறிவர். ஏரிக்கரை மக்கள் பொருள் வாங்கச் செல்லும் நகரம் பொன்னேரி, அதற்கப்பால் சென்னை. எந்தக் கிளைத்தொடர்க் கடையும் இக்கரைக்கு வந்ததில்லை. ஆகவே நகரம் இழந்ததாகச் சொல்லப்படும் பொருளை இவ்வூர் இழக்கவில்லை, வேறொன்றை இழந்தது. அது எது என்பதற்கு வழக்குச் சொற்களே முதற்சான்று.

'எடுத்தல்', 'போடுதல்'

1980களில் ஒளிநாடாக் கருவி விலை மிகுந்த வெளிநாட்டுப் பொருள். சென்னை பர்மா பஜார் வழியாகவே பலருக்கு அது அறிமுகமாயிற்று. தனியொரு குடும்பம் வாங்க இயலாத அக்கருவியை ஒரிரவுக்கு வாடகைக்குக் கொணர்வதே ஊர்ப்புற வழக்கம். வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி, கருவி, மூன்று படங்களின் நாடா ஆகியன சேர்ந்ததே ஒரு வாடகை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா ஆகியவை அதற்கான நாள்கள். கடலோரக் குப்பங்களில் திருவிழாச் செலவு தலைக்கட்டு வரியாகத் திரட்டப்படுவதால், ஊருக்குப் படம் காட்டும் செலவும் அவ்வரியுள் அடங்க இடமிருந்தது.

இதற்கு மக்கள் வழங்கிய தொடர்கள் இரண்டு: 'டெக் எடுத்தல்', 'படம் போடுதல்'. 'எடுத்தல்' இங்குக் கையால் எடுப்பதன்று. வீடு வாடகைக்கு எடுத்தல், ஏலம் எடுத்தல் என்பனபோல் காலவரையறையுடன் உரிமை பெறுதலைக் குறிக்கும். 'போடுதல்' அதனினும் நுட்பமானது. 'ஊருக்குப் படம் போட்டார்கள்' என்னும் தொடரில் நான்காம் வேற்றுமை ஏற்று வரும் பெயர் பயன்பெறுவோரைச் சுட்டுகிறது. போடுபவர் ஒருவர், பெறுபவர் பலர் என்னும் உறவு வினையிலேயே பொதிந்துள்ளது. 'சோறு போடுதல்', 'பந்தி போடுதல்' ஆகிய வழக்குகளும் இவ்வகையினவே. 'படம் பார்த்தல்' என்பதில் அத்தகைய கொடையாளர் இல்லை. பார்ப்பவர் மட்டுமே உள்ளார். திரையரங்கில் படம் 'ஓடும்'. உரிமையாளர் அதை 'ஓட்டுவார்'. ஆனால் வீட்டு வாசலிலும் கோயில் திடலிலும் படம் 'போடப்படும்'. வாடகைக் கடை விற்றது பொருளையன்று, பிறருக்குப் போடும் வாய்ப்பை. மணவிழா வீட்டார் பந்திக்குச் செலவிட்டதுபோலவே படத்துக்கும் செலவிட்டனர் என்பதை இவ்வினை காட்டுகிறது.

கைப்பேசிக் காலத்தில் இவ்வினை மறைந்துவிடவில்லை என்பதையும் கருத வேண்டும். 'ஸ்டேட்டஸ் போடுதல்', 'ரீல்ஸ் போடுதல்' என அது புத்துயிர் பெற்றுள்ளது. எனினும் 'ஊருக்கு', 'வந்தவர்களுக்கு' என்ற நான்காம் வேற்றுமைப் பெயர் இத்தொடர்களில் அருகியே வருகிறது. பெறுவோர் யாரெனச் சொல்ல வேண்டிய தேவை அங்கில்லை.

கலைச்சொல் வரலாறும் இங்குச் சுருக்கமாகக் குறிக்கத்தக்கது. ஒலிநாடா, ஒளிநாடா, குறுந்தகடு என்பன அச்சு வழக்கில் நிலைத்தன. பேச்சில் கேசட்டும் சிடியுமே வழங்கின. இலங்கைத் தமிழர் 'இறுவட்டு' என்றனர். தமிழகப் பேச்சில் ஆழ வேரூன்றிய கலப்புத்தொடர் ஒன்று உண்டென்றால் அது 'திருட்டு விசிடி'.

தொகுத்தோரும் தொகுப்பித்தோரும்

ஒலிநாடாக் கடையின் பணி இன்னும் கருதத்தக்கது. வாடிக்கையாளர் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதித் தருவார். கடைக்காரர் அறுபது அல்லது தொண்ணூறு நிமிட வெற்று நாடாவில் அவற்றை வரிசைப்படுத்திப் பதிந்து தருவார். பட்டியலில் உள்ள பாட்டு கிடைக்காவிடில் அதற்கீடான ஒன்றைத் தாமே சேர்ப்பதும், பக்க முடிவில் எஞ்சிய நேரத்துக்குப் பொருந்தும் பாட்டைத் தேர்வதும் அவர் பொறுப்பு. சங்கத் தொகைநூல்களில் தொகுத்தோர் பெயரும் தொகுப்பித்தோர் பெயரும் தனித்தனியே குறிக்கப்படுவதை அறிஞர் அறிவர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஒப்புமை மிகையெனத் தோன்றலாம். ஆயினும் நாடாக் கடையில் நிகழ்ந்த செயலின் வடிவம் இதுவே: கேட்பவர் ஒருவர், கோப்பவர் ஒருவர், இருவரின் சுவையும் கலந்த ஒரு தொகை. அச்செயல் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பெரும்பாலும் குற்றமே என்பதும் உண்மை.

பீட்டர் மேனுவல் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட 'கேசட் கல்ச்சர்' என்னும் நூல், மலிவான நாடா பெருநிறுவனங்களின் பிடியைத் தளர்த்தி வட்டார இசைக்கு இடமளித்ததை வட இந்தியச் சான்றுகளால் நிறுவியது. தமிழகத்திலும் அதுவே நிகழ்ந்தது. எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாடல்களும் நாகூர் ஹனிபாவின் இசுலாமியப் பாடல்களும் நாடா வழியாகவே ஊர்தோறும் சென்றன. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி ஆகியோரின் நாட்டுப்புறப் பாடல்கள் பரவிய வழியும் அதுவே. 'திருவிளையாடல்' போன்ற படங்களின் கதைவசன ஒலிப்பதிவு, எழுதப் படிக்க அறியாதவரிடத்தும் செந்தமிழ் உரையாடலைக் கொண்டுசேர்த்தது. பேச்சுத் தமிழ் வரலாற்றில் இதன் பங்கு இன்னும் முறையாக ஆராயப்படவில்லை.

வீழ்ச்சியின் வழி

பெருங்கடைகளின் கதை எளிது. ஆர்.பி.ஜி. குழுமத்தின் மியூசிக் வேர்ல்டு, சென்னை ஸ்பென்சர் பிளாசாவில் 1990களின் இறுதியில் பெருங்கூட்டம் ஈர்த்தது. 2013 ஜூனில் கொல்கத்தா பார்க் தெருவிலிருந்த தன் புகழ்பெற்ற கடையையும் மூடியது. நுங்கம்பாக்கத்தில் 1987ஆம் ஆண்டு தொடங்கிய லேண்ட்மார்க், 2005ஆம் ஆண்டு டாட்டா குழுமத்தின் டிரெண்ட் நிறுவனத்திடம் சென்றது. நுங்கம்பாக்கக் கடை பின்னாளில் மூடப்பட்டது. விலையால் வெல்ல முயன்றது மோசர் பேயர். விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் எனத் திருட்டுத் தகட்டுக்கு நிகரான விலையில் 2007 வாக்கில் அது படங்களை விற்றது. அந்நிறுவனத்தைக் கலைக்க 2018ஆம் ஆண்டு ஆணை பிறந்தது. இயக்குநர் சேரன் 2015ஆம் ஆண்டு தம் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தைத் தகடாக நேரே வீட்டுக்கு அளித்த 'சினிமா டு ஹோம்' முயற்சியும் நிலைக்கவில்லை. அது காலம் பிந்திய முயற்சி. தகடு என்னும் பொருளே அப்போது விடைபெற்றுக்கொண்டிருந்தது.

சிறுகடையின் வீழ்ச்சிக்குத் திருட்டுத் தகடு மட்டும் காரணமன்று. அவ்வணிகம் சட்டத்தின் விளிம்பிலேயே நடந்தது. ஒளிநாடாக் கருவி வழியே படம் காட்டுவதை நெறிப்படுத்தத் தமிழ்நாடு அரசு 1984ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றியது. 2004ஆம் ஆண்டு, ஒளிப்பதிவுத் திருட்டு குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கொணரப்பட்டது. கெடுபிடிகளைத் தாங்கிய கடை, தேவை மறைந்ததைத் தாங்கவில்லை. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் பெட்டியை வாடகைக்கு எடுக்கும் தேவையை ஒழித்தது. அதே பெட்டி தகடு ஓட்டும் மலிவுக் கருவிக்கும் இடம் தந்ததால் சில ஆண்டுகள் தகட்டு வணிகம் உயர்ந்தது என்பதை மறுக்க இயலாது. 2011ஆம் ஆண்டு முதல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பெட்டி ஊருக்கு ஒன்றாக இருந்து வீட்டுக்கு ஒன்றாகி, திரை ஆளுக்கு ஒன்றானபோது, 'போடும்' கடைக்கு வேலை இல்லாமற்போயிற்று.

எஞ்சிய நாடாக்கள்

கடைகள் மறைந்தன, அவை பரப்பிய கருவிகளால் பதியப்பட்ட நாடாக்கள் வீடுகளில் எஞ்சியிருக்கக்கூடும். திரைப்படங்கள் வேறிடங்களில் கிடைக்கும். குடும்ப நிகழ்ச்சிப் பதிவுகளும் திருவிழாப் பதிவுகளும் வேறெங்கும் கிடைக்கா. கடலோரப் பேச்சு, முறைப்பெயர் விளி, தாலாட்டு, ஒப்பாரி, வலையிழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல் ஆகியன இத்தகைய பதிவுகளில் தற்செயலாக இடம்பெற வாய்ப்புண்டு. படகில் பொறி வந்தபின் அம்பாப் பாடல் தொழிற்களத்திலிருந்து பெரிதும் விலகிவிட்டதால், ஆய்வாளர் கேட்கும்போது நினைவிலிருந்து பாடப்படுவதைவிட, கேட்பாரின்றித் தானே நிகழ்ந்தபோது பதிவானது மதிப்பு மிக்கது.

அச்சுச் சான்றுகளில் தமிழகம் இவ்வாறு அசட்டையாக இல்லை. 1994ஆம் ஆண்டு தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சிறுவெளியீடுகளையும் திரைப்படப் பாட்டுப் புத்தகங்களையும் காத்துவருகிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் களப்பதிவுகளைச் சேமித்துள்ளது. தமிழ்த்துறைகளின் நிலை வேறு. நாட்டுப்புறவியல் ஆய்வேடுகளுக்காக 1980களிலும் 1990களிலும் பதியப்பட்ட நாடாக்களுள், ஏட்டின் பின்னிணைப்பில் எழுத்துப்பெயர்ப்பாக மட்டுமே எஞ்சியவை பல. எழுத்துப்பெயர்ப்பில் இசை இராது; ஒலியழுத்தம் இராது.

காந்தநாடா நெடுங்காலம் நிலைக்கும் பொருளன்று. ஈரத்தில் பூஞ்சை படரும், காந்தப்பூச்சு உதிரும். உவர்க்காற்று வீசும் ஏரிக்கரையில் அக்கேடு விரைவுபடும். நாடா கெடாவிடினும் ஓட்டும் கருவி வேண்டும். ஒளிநாடாக் கருவியைக் கடைசிவரை உற்பத்திசெய்த ஜப்பானிய நிறுவனமான பூனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இனிப் பழைய கருவிகளைப் பழுதுபார்த்தே பயன்படுத்த இயலும். அப்பணி அறிந்தவர்கள் முன்பு டெக் வாடகைக் கடை நடத்தியோரும் அவர்களிடம் வேலை கற்றோருமே. நாடாக்களைத் தேடும் களப்பணி குப்பத்து வீடுகளில் தொடங்குவதற்கு முன், பொன்னேரிக் கடைவீதியில் அவர்களைத் தேடுவதிலிருந்து தொடங்க வேண்டும்.