பாட்டெழுத ஓர் எலெக்ட்ரிக் கிட்டார்: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தருமபுரி பக்கத்து நல்லம்பள்ளியிலிருந்து கிட்டார் பார்க்கக் கிளம்பினால் பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் நிற்பது? தெற்கே தொப்பூர் தாண்டிச் சேலம். வடக்கே கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூர். எந்தப் பக்கம் போனாலும் கடைக்காரர் காட்டுவதைத்தான் வாங்கி வருவீர்கள், வீட்டிலேயே சிலவற்றை முடிவு செய்துகொள்ளாவிட்டால்.

1. முதலில் உங்கள் கட்டை

பாடிப் பார்த்து, எந்தச் சுருதியில் குரல் சிரமமில்லாமல் மேலும் கீழும் போகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு கட்டை என்றால் கிட்டாரில் சி, இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி. கூடவே ஒரு கேபோ வாங்குங்கள். அதை இரண்டாம் ஃப்ரெட்டில் மாட்டி, விரல் பழகிய சி கார்டையே பிடித்தால் ஒலிப்பது டி, அதாவது இரண்டு கட்டை. பாட்டெழுதுகிறவருக்கு எந்தப் பெடலைவிடவும் இந்தச் சின்னக் கவ்வி உதவும்.

இன்னொன்று. ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’ மாதிரி வாசிக்கத்தான் ஆசை என்றால் எலெக்ட்ரிக் வேண்டாம். அது அக்கூஸ்டிக் கிட்டாரின் ஒலி.

2. பிக்கப்: வீட்டு வயரிங்கையும் கேளுங்கள்

கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும்தான் பிக்கப். 1954இல் ஃபெண்டர் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று ஒற்றைச் சுருள்கள். ஒலி பளிச்சென்று இருக்கும்; ஆனால் பக்கத்து டியூப்லைட்டின் சோக், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாவற்றின் ‘உம்ம்’ இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். என் முதல் கிட்டாரில் அதைக் கேட்டு கிட்டாரே கெட்டுவிட்டது என்று மூட்டை கட்டி வைத்துவிட்டேன். டியூப்லைட்டை அணைத்ததும் பாதி இரைச்சல் போனது.

இதற்குத்தான் 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டார். காந்த முனைகள் எதிரெதிராக உள்ள இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் ஒற்றைச் சுருளும் உள்ள கிட்டார் கிடைத்தால் அதையே எடுங்கள். எந்தப் பாட்டுக்கும் வளைந்து கொடுக்கும்.

3. கடையில் கையில் எடுத்ததும்

நிறத்தை அப்புறம் பாருங்கள். 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை லேசாகத் தொட்டு ஒருமுறை, அங்கேயே அழுத்தி ஒருமுறை மீட்டுங்கள். டியூனரில் இரண்டும் ஒன்றாகக் காட்ட வேண்டும். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் விசாரியுங்கள். கமகம் பிடிக்க ஆசைப்பட்டால் 0.009 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய கம்பிசெட் இழுக்க எளிது.

4. ஆம்ப்பா, ஹெட்போனா?

அறையில் வாசிக்கப் பத்து வாட் ஆம்ப்பே அதிகம். பாட்டெழுதத்தான் என்றால் ஆம்ப்பைத் தள்ளிப்போட்டு, கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வயர் உள்ள ஹெட்போனும் வாங்குங்கள். தோன்றியதை அப்போதே பதிவுசெய்யலாம். ப்ளூடூத் ஹெட்போன் ஆகாது. மீட்டியதற்கும் கேட்பதற்கும் இடையே விழும் இடைவெளியில் தாளம் தடுமாறும்.

5. டோன் என்பது இடம் விடுவது

திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் முனைப்பில், இசையமைப்பாளர் டென்மா ஒருங்கிணைத்து, 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் கானாவும் பறையும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒன்றாக ஒலித்தன. நம் பக்கம் மாரியம்மன் திருவிழாவின் பம்பையோடு சேர்ந்து பாட்டமைக்க நினைப்பவர் அவர்களைக் கேட்கலாம். குச்சி தோலில் விழும் கூர்மையான ஒலி உயர் அதிர்வெண்களின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. கிட்டாரும் அங்கேயே கத்தினால் இரண்டும் கெடும். டோன் குமிழைப் பாதிக்குக் குறைத்து, கழுத்துப் பக்க பிக்கப்பில் இரண்டு, மூன்று கம்பி மட்டும் மீட்டுங்கள். வரிகளுக்கு நடுவே பாடகர் மூச்சுவிடும்போது பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாறிப் பதில் சொல்லலாம். ஓவர்டிரைவ் பெடல் ஒன்று போதும், அதுவும் ஆறு மாதம் கழித்து.

6. எர்த்

ஆம்ப்பின் மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் பாயிண்ட்டில் சொருகுவதைப் பார்த்திருக்கிறேன். கிட்டார் கம்பிகள் ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாமல் ஆம்ப்பில் மின்கசிவு வந்தால், கம்பியில் கை, மைக்கில் உதடு என்று நிற்பவர் உடம்பு வழியாகத்தான் மின்சாரம் பாயும். திருவிழா மேடையில் ஜெனரேட்டர்காரரிடம் எர்த் அடித்தாயிற்றா என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு ட்யூன் பண்ண உட்காருங்கள்.