பைத்தான் வீட்டுப் பட்டிமன்றம்



போன வாரம் கணினி ஆய்வகத்துல நடந்த ஒரு சின்ன விஷயம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். என் அத்தை மகன் காலேஜ்ல படிச்சப்போ வாங்கின பழைய பைத்தான் புத்தகம் ஒண்ணு என்கிட்ட இருக்கு. அதன் முதல் பாடத்தில் இருந்த நிரலை ஒரு எழுத்து விடாம அடிச்சேன்.

பிரிண்ட் "வணக்கம்"

கணினி வணக்கம் சொல்லவில்லை. சிவப்பு எழுத்துல "பிழை" என்று காட்டியது. நாலு தடவை அடிச்சும் அதே கதை. கம்ப்யூட்டர் மிஸ்கிட்ட காட்டினேன். "புத்தகமும் தப்பில்ல, கம்ப்யூட்டரும் தப்பில்லப்பா. நடுவுல மொழி மாறிடுச்சு" என்றார்.

மொழி எப்படி மாறும்? யார் மாத்துறாங்க? யாரைக் கேட்டு மாத்துறாங்க? இந்த மூணு கேள்விக்கும் தேடிக் கிடைத்த விடைதான் இந்தப் பாடம்.

(குறிப்பு: நிரல் வரிகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கணும்.)

1. பைத்தான் பிறந்த கதை

பைத்தான் ஒரு ஸ்கிரிப்டிங் மொழி. சி மொழி மாதிரி தனியா கம்பைல் பண்ணிவிட்டு ஓட்டணும்னு அவசியம் இல்லை. எழுதின உடனே ஓட்டிப் பார்க்கலாம். 1989 டிசம்பர் விடுமுறையில் கைடோ வான் ரோசம் என்ற நெதர்லாந்துக்காரர் இதை எழுத ஆரம்பித்தார். அப்போது அவர் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கணித, கணினி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். 1991 பிப்ரவரியில் மொழி வெளியே வந்தது. பெயர் மலைப்பாம்பால் வந்ததில்லீங்க. மான்ட்டி பைத்தான் என்ற இங்கிலாந்து நகைச்சுவைக் குழுவின் நிகழ்ச்சியிலிருந்து வந்தது!

2. சத்தம் போட்டால் ஆகாது, எழுதிக் கொடுக்கணும்

ஆட்கள் சேரச் சேர, "அந்த வசதி வேணும், இந்த வசதி வேணும்" என்று கோரிக்கைகளும் சேர்ந்தன. அதனால் 2000-ஆம் ஆண்டு ஒரு முறை வந்தது. பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு என்று அதற்குப் பொருள். சுருக்கமாக "பெப்". ஒவ்வொரு பெப்புக்கும் ஒரு எண் உண்டு. அதில் முக்கியமாக நாலு விஷயம் இருக்கணும்.

அ) இந்த மாற்றம் எதற்கு?
ஆ) மாற்றம் சரியாக என்ன?
இ) ஏற்கெனவே எழுதிய நிரல்கள் உடையுமா? உடைந்தால் என்ன வழி?
ஈ) வேறு என்ன யோசனைகள் வந்தன? அவற்றை ஏன் ஏற்கவில்லை?

இந்த நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம்ம பட்டிமன்றத்துல எதிரணி பேசினதை யாரும் எழுதி வைக்கிறதில்லை. இங்கே தோற்ற யோசனையையும் காரணத்தோடு எழுதி வைக்கிறாங்க. பத்து வருஷம் கழிச்சு வர்றவங்க அதே வாதத்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் பாருங்க!

3. முதல் வழக்கு: 7-ஐ 2-ஆல் வகுத்தால் எவ்வளவு?

மூன்றரைதானே? ஆனால் பழைய பைத்தானில் 7 / 2 என்று கேட்டால் 3 என்று சொல்லும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான் என்பது அன்றைய விதி. சி மொழியிலும் அப்படித்தான்.

இதில் என்ன ஆபத்து? ஐந்து பாடத்தில் ஒருவர் மொத்தம் 359, இன்னொருவர் 355 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 71.8, 71. பழைய பைத்தான் இருவருக்கும் 71 என்றே காட்டும். முன்னால் இருக்கிறவர் 4 மதிப்பெண் கூட எடுத்தும் பிரயோஜனம் இல்லை. பிழை என்று சிவப்பு எழுத்தும் வராது. சத்தமில்லாமல் வரும் தப்பு இது. சத்தம் போடுகிற தப்பை விட இதுதான் மோசம்.

"அப்படின்னா உடனே மாத்திட வேண்டியதுதானே?" என்று தோன்றும். ஆனால் 7 / 2 என்றால் 3 என்று நம்பியே நிறைய பேர் நிரல் எழுதி வைத்திருந்தார்கள். திடீரென்று மாற்றினால் அவர்கள் கணக்கு தப்பாகும். 2001-இல் பெப் 238 இதற்கு ஒரு வழி சொன்னது. முழு எண் விடை வேண்டுவோருக்கு // என்று ஒரு புதிய குறி. தசம விடை இப்போதே வேண்டுவோர், நிரலின் தலைப்பில் "எதிர்காலத்திலிருந்து வகுத்தலைக் கொண்டு வா" என்ற பொருளில் ஒரு வரி எழுதலாம். மற்றவர்களுக்குப் பழைய விதியே. 2008-இல் பைத்தான் 3.0 வந்தபோதுதான் 7 / 2 எல்லோருக்கும் 3.5 ஆனது. ஒரு வகுத்தல் குறிக்கு ஏழு வருஷ அவகாசம்!

4. இரண்டாம் வழக்கு: அடைப்புக்குறி எதற்கு?

இப்போ என் பழைய புத்தகத்துக்கு வருவோம். முன்பு பிரிண்ட் என்பது மொழியோடு ஒட்டிய தனிக் கட்டளை. கோப்பில் எழுத ஒரு விசித்திரக் குறி, அடுத்த வரிக்குப் போகாமல் இருக்கக் கடைசியில் ஒரு கமா என்று அதற்கு மட்டும் தனிச் சட்டங்கள். 2006-இல் எழுதிய பெப் 3105, "அதையும் மற்றவை போல ஒரு செயற்கூறு ஆக்கிவிடுங்கள்" என்றது. அதனால்தான் இப்போது அடைப்புக்குறி. பெயர்களுக்கு நடுவே கோடு வேண்டுமா, வரி முடிவில் புள்ளி வேண்டுமா, எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள்ளேயே சொல்லிவிடலாம்.

எதிரணி சொன்னதிலும் நியாயம் உண்டு. பிரிண்ட் இல்லாத நிரலே கிடையாது. ஆக எல்லா நிரலும் திருத்தணும், எல்லாப் புத்தகமும் பழசாகும். அதனால் இப்படிப்பட்ட பெரிய மாற்றங்களை எல்லாம் சேர்த்து 2008 டிசம்பர் 3-ஆம் தேதி பைத்தான் 3.0 ஆக விட்டார்கள். பழைய நிரலைப் புதிதாக மாற்றித் தர ஒரு கருவியும் கொடுத்தார்கள். அப்படியும் மக்கள் மாற நாளாச்சு. பைத்தான் 2-க்கான ஆதரவை 2015-இல் முடிப்பதாக இருந்து, பிறகு 2020 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள். பழைய வீட்டைக் காலி பண்ண பதினோரு வருஷம்!

5. மூன்றாம் வழக்கு: திருத்தமும் உடைக்கும்

புது வசதிக்குத்தான் சண்டை வரும், பிழை திருத்தத்துக்கு என்ன சண்டை? அதுக்கும் உண்டு.

பைத்தானில் டிக்‌ஷனரி என்று ஒரு அமைப்பு இருக்கு. நூலகத்துல புத்தகப் பெயரைப் பார்த்து அலமாரி எண் போடுற மாதிரி, அது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு எண் கணக்கிட்டு இடம் ஒதுக்கும். அதனால் தேடுவது வேகம். ஆனால் அந்தக் கணக்கு தெரிந்த விஷமி, எல்லாமே ஒரே அலமாரிக்குப் போகிற மாதிரி சொற்களாகப் பொறுக்கி அனுப்பினால்? ஒரே அலமாரியில் ஆயிரக்கணக்கில் குவியும். தேடித் தேடியே கணினி திணறிப்போகும்.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு தடவை ஓடும்போதும் கணக்கில் ஒரு புது ரகசிய எண் கலப்பது. ஆனால் அப்படிச் செய்தால் அன்றைய பதிப்புகளில் டிக்‌ஷனரியில் சொற்கள் வரும் வரிசை மாறும். அந்த வரிசையை நம்பிய நிரல்கள் உடையும். 2012-இல் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய பதிப்புகளில் இந்தத் திருத்தத்தைச் சேர்த்தார்கள், ஆனால் சுவிட்சை அணைத்து வைத்தார்கள். வேண்டியவர் போட்டுக்கலாம். அதே ஆண்டு வந்த 3.3 பதிப்பில் சுவிட்சைப் போட்டே கொடுத்தார்கள்.

பதிப்பு எண்ணைப் பார்க்கும்போது இதை ஞாபகம் வையுங்க. 3.12.4 என்றால், கடைசி எண் மட்டும் மாறினால் திருத்தம். நடு எண் மாறினால் புது வசதி.

6. நம்ம வழக்கு: தமிழில் பெயர் வைக்கலாமா?

பைத்தான் 2-இல் மாறிகளுக்கு ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைக்க முடியும். பெப் 3131, உலகின் மற்ற எழுத்துகளையும் அனுமதிக்கச் சொன்னது. எதிரணி கேட்டது: "எனக்குத் தெரியாத எழுத்தில் நிரல் வந்தால் நான் எப்படிப் படிப்பேன்? பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வேறு வேறு எழுத்துகளால் ஏமாந்து போக மாட்டோமா?" ஆதரவு அணி சொன்னது: "ஆங்கிலம் சரளமாக வராதவர் தன் மொழியில் பெயர் வைத்தால் நிரல் அவருக்குத் தெளிவாகப் புரியும்."

2007-இல் ஆதரவு அணி வென்றது. ஆனால் பைத்தானோடு வரும் பொது நூலகத்தில் ஆங்கில எழுத்துப் பெயர்கள்தான் இருக்கணும் என்று ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். எதிரணியின் கவலைக்கும் பதில் கிடைத்தது. இன்று பைத்தான் 3-இல்

மதிப்பெண் = 95

என்று எழுதினால் ஓடும், நண்பர்களே! தமிழ் வழியில் படிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நம்மை நேரில் பார்த்திராதவர்கள் நமக்காகவும் வாதாடியிருக்கிறார்கள்.

7. நடுவர் எழுந்து போனார்

இவ்வளவு நாளும் கடைசித் தீர்ப்பு கைடோ வான் ரோசமுடையது. 2018-இல் பெப் 572 வந்தது. := என்ற குறியால், ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் வசதி. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு கண்ணும் இரண்டு தந்தமும் உள்ள வால்ரஸ் மாதிரி இருப்பதால் வால்ரஸ் குறி என்பார்கள். சிலர் "வரி குறையும்" என்றார்கள். சிலர் "படிப்பவர் குழம்புவார்" என்றார்கள். வாதம் முற்றி மனக்கசப்பு ஆகிவிட்டது. கைடோ ஏற்பதாகத் தீர்ப்புச் சொன்னார். 2018 ஜூலை 12-இல், ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராட இனி விருப்பமில்லை என்று தலைமையிலிருந்து விலகினார். 2019 முதல், தேர்தலில் வரும் ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு தீர்ப்புச் சொல்கிறது. வால்ரஸ் குறி 2019 அக்டோபரில் 3.8 பதிப்பில் வந்தது.

வசதி கிடைத்தது, நடுவர் போய்விட்டார். கருத்தோடு மோதலாம், ஆளோடு மோதக்கூடாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேணுமா?

முடிவாக...

என் மூணு கேள்விக்கும் விடை கிடைத்தது. மொழியை மாற்றுவது அதைப் பயன்படுத்துகிறவர்கள்தான். காரணம் எழுதி, எதிர்க்காரணம் கேட்டு, பழையவருக்கு அவகாசம் கொடுத்து மாற்றுகிறார்கள். என் பழைய புத்தகத்தைத் தூக்கிப் போடல. ஒவ்வொரு பிரிண்ட்டுக்கும் பென்சிலால் அடைப்புக்குறி போட்டுக்கிட்டிருக்கேன். பதினெட்டாம் பக்கம் வரை வந்தாச்சு!

செய்து பாருங்கள்

1. பைத்தான் 3-இல் 7 / 2, 7 // 2, -7 // 2 மூன்றையும் அடியுங்கள். மூன்றாவது விடை உங்களை ஆச்சரியப்படுத்தும். ஏன் அப்படி?
2. தமிழ்ப் பெயருள்ள மாறிகளால் உங்கள் ஐந்து பாடச் சராசரியைக் கணக்கிடுங்கள்.
3. நம் சுவர் இதழில் ஒரு மாற்றம் வேண்டும் என்று ஒரு பக்கப் பெப் எழுதுங்கள். நாலாவது பகுதியை, அதாவது ஏற்காத யோசனைகளை, மறக்காமல் எழுதணும்!

முதல் கேள்விக்கு விடை அடுத்த இதழில்.

– கணினி மன்றம் சார்பாக, 11-ஆம் வகுப்பு மாணவன்